கிளேட் என்றொரு பறவை

ஆங்கில ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் இளவட்டங்கள் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் மாறலாம், ரைமிங் வேர்ட்ஸ் கேள்வி போனாலும் போகலாம் என்று பேச்சு அடிபடுகிறதாம். “சார், நம்ம பக்கத்துல ரைம் சார்னா நீங்கதான். எப்படி நடத்துனீங்கன்னு எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுதோம்” என்றார்கள். எழுதச் சொன்னால் நான் விடுவேனா? முக்கால் மணி நேர வகுப்பில் ஒன்றரை மணி நேரம் பேசிய ஆள் நான். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற பெருமைக் கதை இதில் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மலர்க்குழுவினர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வரக்கூடாது.

நான் ஆங்கிலம் படித்த கதை நாலு வரிக்குள் அடங்கும். பி.ஏ. ஆங்கில இலக்கியம் எங்களுக்குத் தமிழில் நடத்தப்பட்டது, தமிழில்தான் புரிந்தது, பரீட்சை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினோம். பி.எட்.டில் முப்பது பாடம் நடத்திக் காட்டினேன், அதில் பிள்ளைகள் தூங்காத பாடம் இரண்டு. பிறகு தென்காசிக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் வேலை கிடைத்து, அங்கேயே முப்பத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரரோடு ஆங்கிலத்தில் பேசும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான் வந்தது. குற்றாலத்தில் ஐந்தருவிக்கு வழி கேட்டார். கையை நீட்டிக் காட்டிவிட்டு வேகமாக நடையைக் கட்டினேன்.

ரைம் லிஸ்ட் பிறந்ததற்கும் இந்த ஆங்கிலம்தான் காரணம். பாட்டுக்கு நயம் சொல்ல எனக்கு வராது, இலக்கணத்தில் இறங்கினால் நானே சிக்கிக்கொள்வேன். ஒரே ஓசையில் முடியும் சொற்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, பக்கத்தில் தமிழ்ப் பொருள் எழுதி, பிள்ளைகளைப் பாட வைப்பது மட்டும் நன்றாக வந்தது. வலது பக்க பெஞ்சு சொல்லைச் சொல்லும், இடது பக்க பெஞ்சு பொருளைச் சொல்லும். ஷேட், நிழல். ஃபேட், மங்குதல். ஸ்பேட், மண்வெட்டி. டிரேட், வியாபாரம். சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நின்று தலையாட்டிவிட்டுப் போவார், வகுப்பு நடக்கிறது என்பதற்கு அவருக்கு அந்தச் சத்தமே போதும்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. நடுவில் ஒரு சொல்லை மட்டும் உருவிப் பொருள் கேட்டால் பிள்ளைகளுக்கு வராது. கண்ணை மூடி, முதல் சொல்லில் இருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அந்த இடத்தில் நிற்பார்கள். அதை நான் ஞாபகசக்தி என்று மற்ற வாத்தியார்களிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த ‘ஷேட்’ கூட்டத்தின் கடைசிச் சொல் கிளேட். ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சொற்கள் மட்டும் இருந்தன, பொருள் இல்லை. தெரிந்ததற்கெல்லாம் பொருள் எழுதிவிட்டு, இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அப்புறம் வருவதற்குள் வகுப்பு வந்துவிட்டது. முன் பெஞ்சில் சண்முகத்தாய் என்றொரு பிள்ளை, எதையும் சும்மா விடாது. எழுந்து நின்றது.

“சார், கிளேட்னா என்ன சார்?”

நாற்பது தலை என்னைப் பார்க்கிறது. அகராதி ஹெட்மாஸ்டர் அறை பீரோவில் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. ஆங்கில வாத்தியார் போய் அகராதி கேட்டால் மரியாதை என்ன ஆவது? வாயில் தானாக வந்தது:

“அது ஒருவகைப் பறவைட்டி.”

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். பாட்டில் வரும் தெரியாத சொல் எல்லாம் ஒருவகைப் பறவை, அல்லது ஒருவகை மலர். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சண்முகத்தாய் கேட்டது.

“எங்கன சார் இருக்கும்?”

“குத்தாலத்துலதான். செண்பகாதேவி அருவிக்கு மேல. சீசன்ல மட்டும் வரும்.”

“என்ன கலர் சார்?”

“நீலம்.”

இவ்வளவு சரளமாக நான் ஆங்கிலம் பேசியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன். வகுப்பு மொத்தமும் ‘கிளேட், ஒருவகைப் பறவை’ என்று பாடி முடித்தது. நானும் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டேன்.

அந்த ஆடியிலேயே பள்ளிச் சுற்றுலாவாக அதே பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். அப்போதெல்லாம் செண்பகாதேவி வரை விடுவார்கள். சாரலில் நனைந்துகொண்டே ஏறி, காட்டுக்கு நடுவில் மரமில்லாமல் திறந்து கிடந்த ஓர் இடத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். சண்முகத்தாய் சாப்பிடவில்லை, அண்ணாந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. “சார், கிளேட் ஒண்ணையும் காணலையே.” நானும் கையில் சோற்றோடு அண்ணாந்து பார்த்தேன். “மழைக்கு ஒதுங்கியிருக்கும்ட்டி” என்றேன். நாற்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒருத்தன் பார்த்துவிட்டதாகவே சொன்னான், அவனைச் சுற்றிப் பெரிய கூட்டம் கூடிவிட்டது.

பிறகு லிஸ்ட் வளர்ந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ரைமிங் வேர்ட்ஸில் மார்க் விடுவதில்லை என்று பேர் வந்தது. ஆலங்குளத்தில் வேலை பார்த்த மரிய செல்வம், என்னைவிட எட்டு வயது இளைய நண்பன், ஒரு பிரதி எடுத்துப் போனான். அவனிடமிருந்து வாசுதேவநல்லூருக்குப் போனது. அங்கிருந்து டியூஷன் சென்டர்களுக்குப் போனது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன ஒரு பிரதியை, அதை எழுதியவன் நான்தான் என்று தெரியாமல், ஒரு புது டீச்சர் எனக்கே கொடுத்துப் ‘படிச்சுப் பாருங்க சார், ரொம்ப யூஸ்ஃபுல்’ என்றார். அன்று சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. லிஸ்டிலிருந்து பறவையை அடித்துவிட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அது நான் புளுகியது என்பதே பாதி மறந்துபோயிருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் தென்காசியிலேயே நடந்தது. முகாமைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத் தாள் எங்களுக்கு வராது, வேறு மாவட்டத் தாள்தான் வரும். பெயர், பள்ளி, பதிவெண் எல்லாம் கிழிக்கப்பட்டு வெறும் ரகசிய எண்ணோடு வரும். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள். நாங்கள் சிவப்பு மையில் திருத்த வேண்டும். பத்துப் பேருக்கு மேலே முதன்மைத் தேர்வாளர் ஒருவர் பச்சை மையோடு உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலே கீ என்று ஒன்று உண்டு, அதாவது அச்சடித்த விடைக்குறிப்பு. கீயில் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது, யோசிக்கவே வேண்டாம். ஒரு தாளைப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, வெளியே வந்து டீ குடிக்கிற முதல் ஆள் நான்தான்.

அந்த வருஷம் எங்கள் அறைக்கு முதன்மைத் தேர்வாளர் கோமதி மேடம். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது போய், “மேடம், இந்த விடையும் சரிதான், மார்க் போடலாமா?” என்று கேட்டால் பேனாவை மூடி மேசையில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். “எந்தப் பக்கம்?” என்பார். எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினால் அந்த நிமிஷமே பச்சை மையில் மார்க் விழும். காட்ட முடியாவிட்டால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த தாளை எடுப்பார், அவ்வளவுதான். எங்களில் பாதிப் பேர் அவரிடம் போவதே இல்லை.

இரண்டாம் நாள் ஆங்கிலத் தாள் கட்டுப் பிரித்தோம். புத்தகத்தில் இல்லாத பாட்டு ஒன்றில் நாலு வரி கொடுத்து, கீழே குட்டிக் கேள்விகள். அதில் ஒரு மார்க் கேள்வி, கிளேட் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன. நான் கீயைப் பார்த்தேன். காட்டுக்கு நடுவே மரமில்லாத திறந்த வெளி என்று போட்டிருந்தது.

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்றைக்குத்தான், ஐம்பத்தொன்பது வயதில், தெரியவந்தது. எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தோடு கிளேடின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாற்பது பிள்ளைகளோடு சேர்ந்து ஆகாயத்தில் கிளேடைத் தேடியிருக்கிறேன்.

முதல் தாளைத் திறந்தேன். ஒருவகைப் பறவை. தப்பு போட்டேன். மூன்றாவது தாளில் ஒருவகைப் பறவை, ஐந்தாவதில் ஒருவகைப் பறவை. என் பதினைந்து தாளில் எட்டுத் தாளில் பறவை உட்கார்ந்திருந்தது. வேறு மாவட்டத்துத் தாள்கள் இவை. இந்தப் பறவை மாவட்ட எல்லையைத் தாண்டிப் போய் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. பக்கத்து மேசையில் ஒருவர், “இங்கனயும் பறவைதான்” என்றார். எதிர் மேசையில் ஒரு டீச்சர், “எனக்கு ஒன்பது” என்றார்.

பதினோராவது தாள்தான் என்னைக் கொன்றது. ‘கிளேட் ஒருவகைப் பறவை. நீல நிறம். நீண்ட வால். சீசனுக்கு மட்டும் வரும்’ என்று உடைந்த ஆங்கிலத்தில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. ஒரு மார்க் கேள்விக்கு நாலு வாக்கியம். தெரிந்ததை எல்லாம் கொட்டியிருந்தது பிள்ளை. நீலமும் சீசனும் ஜெராக்ஸில் கிடையாது, வகுப்பில் வாயால் சொன்னது, வாய்வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வால் நான் சொன்னதே இல்லை. தப்புப் போட்டுவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் முப்பத்து நாலு. பாஸாக முப்பத்தைந்து வேண்டும்.

அந்தப் பறவைக்கு ஒரு மார்க் இருந்தால் அந்தப் பிள்ளை பாஸ்.

இதற்குள் அறையில் ஒரு கட்சி கூடிவிட்டது. தலைவர் மரிய செல்வம். “அண்ணாச்சி, கீ தப்பு. பத்து வருஷமா நாம நடத்துதோம், இவ்வளவு பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதியிருக்கு, அப்ப கீதான் தப்பு. சும்மா விடக்கூடாது. மேடத்துட்ட சொல்லி மேலிடத்துக்கு எழுதச் சொல்லணும்.” நான் தாளைப் புரட்டுவது போலக் குனிந்தேன். “லிஸ்ட் போட்டது நீங்க. நீங்க போய்ச் சொன்னாத்தான் எடுபடும். பிள்ளைகளுக்கு ஒரு மார்க் கிடைக்கும்லா?” என்றான். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவர்கூட அந்தச் சொல்லுக்கு அகராதி பார்த்தவர் இல்லை. பார்க்க என்ன அவசியம்? ரைம் சார் போட்ட லிஸ்ட் ஆயிற்றே.

முப்பத்து நாலில் நின்ற அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். மேடம் மேசைக்கு எட்டடி தூரம் இருக்கும். அந்த எட்டடியில் எனக்கு ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன்: புளுகிவிடலாம். பழைய அகராதி ஒன்றில் பார்த்தேன், இப்போது அச்சில் இல்லை என்று சொன்னால் யார் போய்த் தேடப்போகிறார்கள்? பிள்ளை பாஸாகும், என் பேரும் நிற்கும்.

“சொல்லுங்க ஆறுமுகம்” என்றார் மேடம்.

“மேடம், கிளேட்னா பறவைன்னு நெறைய பிள்ளைக எழுதியிருக்கு. அதுக்கும் மார்க் குடுக்கலாமான்னு எல்லாரும் கேக்காங்க. பழைய அகராதி ஒண்ணுல...”

பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்தப் பக்கம்?”

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். நீல நிறம், நீண்ட வால். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

“பக்கம் இல்லை மேடம். அகராதியும் இல்லை. நான் போட்ட லிஸ்ட் அது. அர்த்தம் தெரியலை, வகுப்புல ஒரு பிள்ள கேட்டுச்சு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.”

அறையில் சிவப்புப் பேனாக்கள் எல்லாம் நின்றன. மேடம்தான் கேட்டார்.

“தெரியாது, நாளைக்குச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கலாமே?”

“வெக்கமா இருந்துச்சு மேடம்.”

“இப்ப?”

“இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.”

எனக்குப் பின்னால் இருந்து மரிய செல்வம் மெல்ல எழுந்து, “மேடம், வால் மட்டும் நான் வச்சது” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. “பிள்ளைக கேட்டுச்சு, வால் எப்படி இருக்கும்னு. லிஸ்ட்ல சும்மா பறவைன்னுதான் இருந்துச்சு, நீலமும் சீசனும் அண்ணாச்சி சொன்னது. நான் நீளம்னு சேர்த்தேன்.”

“பறவைக்கு மார்க் கிடையாது” என்றார் மேடம்.

“மேடம், இந்தத் தாள் முப்பத்து நாலுல நிக்குது. என்னாலதான் நிக்குது. ஒரு மார்க் எங்கயாவது போட்டு விட்ருவோம்.”

“பிச்சை போடுததுக்குக் கோயில் வாசல் இருக்கு ஆறுமுகம். இது பரீட்சை.” தாளை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “இந்தப் பிள்ள சம்பாதிச்ச மார்க் எதையாவது நீங்க குடுக்காம விட்டிருந்தா, அதைக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்க. இல்லைன்னா முப்பத்து நாலுதான். நான் கையெழுத்துப் போட்ருவேன்.”

என் இடத்துக்கு வந்து முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தேன். எழுத்து எழுத்தாக வாசித்தேன். ஒரு மார்க் கேள்விகளில் ஒன்றும் தேறவில்லை, இலக்கணத்தில் ஒன்றும் தேறவில்லை. கட்டுரையில் பாதி கேள்வித்தாளையே பார்த்து எழுதியிருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்த தாளில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கடிதம் வந்தது. விடுமுறைக்கு உன் ஊருக்கு வரச் சொல்லி நண்பனுக்கு எழுதுக, ஐந்து மார்க். நான் இரண்டு போட்டிருந்தேன். கீயில் இருக்கும் கடிதத்தில் நலம், நலமறிய அவா, சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்கள் என்று வரிசை உண்டு. இதில் அது எதுவும் இல்லை, வரிக்கு வரி சிவப்பில் சுழித்துத் தள்ளியிருந்தேன். இப்போது சுழிகளை விலக்கிவிட்டு வாசித்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

‘நீ என் வீட்டுக்கு வா. என் வீடு ஒரே அறை. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் போகும், ஆறு மணிக்கு வரும். நீ ஆறு மணிக்கு மேலே வா, அப்போதுதான் சாப்பாடு இருக்கும். எங்கள் ஊரில் பார்க்க ஒன்றும் கிடையாது. நீ வந்தால் என்னைப் பார்க்கலாம்.’

வினைச்சொல் எல்லாம் தப்பு. ஆனால் இதில் ஒரு வரிகூட என் லிஸ்டில் இல்லை, எந்த நோட்ஸிலும் இல்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தானாக, ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தது அந்தப் பிள்ளை. எனக்கு ஒவ்வொரு வரியும் புரிந்தது. முப்பது வருஷத்தில் என் மாணவர் ஒருவர்கூட எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை, ஏனென்றால் நான் எழுத விட்டதில்லை.

கொண்டுபோய் மேடத்திடம் வைத்தேன். “வாசிங்க” என்றார். நின்றபடியே வாசித்தேன்.

“என்ன சொல்லியிருக்குன்னு புரியுதா?”

“புரியுது மேடம்.”

“சங்கதி புரியும்படி எழுதினா மார்க்குன்னு கீயிலயே போட்டிருக்கு. அந்தப் பக்கத்தை நீங்க வாசிக்கலையா?”

வாசிக்கவில்லை. அதையும் சொன்னேன். மேடம் பச்சைப் பேனாவைத் திறந்து என் இரண்டை அடித்து மூன்று போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். மொத்தத்தை என்னையே கூட்டச் சொன்னார். முப்பத்தைந்து. அதையும் இரண்டு தடவை கூட்டினேன்.

திரும்பி வந்தபோது மற்ற ஒன்பது பேரும் திருத்தி முடித்துக் கட்டி வைத்திருந்த கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மரிய செல்வம் முப்பதுக்கு மேலே முப்பத்தைந்துக்குள் நின்ற தாள்களைத் தனியாக எடுத்து அடுக்கிக் கடிதப் பக்கத்தைத் திறந்திருந்தான். சாப்பாட்டு மணி அடித்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் அறையில் அன்றைக்கு மூன்று தாள் கரையேறியது, இரண்டு தாள் ஏறவில்லை. அந்த இரண்டிலும் பறவை இருந்தது.

ஆக, தம்பிமார்களே, ரைம் சார் நடத்திய லட்சணம் இதுதான். லிஸ்டைக் கேட்டிருந்தீர்கள், அனுப்ப மாட்டேன். எங்கள் அறைக்கு வெளியே எத்தனை முகாம், எத்தனை அறை, எத்தனை கட்டு. அங்கெல்லாம் முப்பத்து நாலில் நின்ற பிள்ளைகளுக்காக யாராவது தாளைத் திரும்பத் திறந்தார்களா என்று எனக்குத் தெரியாது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, போய் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அதில் ஒரு பிள்ளை இன்றைக்கு எங்கேயாவது மில்லில் நின்றுகொண்டு, ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இந்த மலர் உன் கையில் கிடைத்தால் இதை மட்டும் வாசி, கண்ணு. அந்த ஒரு மார்க்கைத் தொலைத்தது நீ இல்லை. தென்காசியில் ஒரு வாத்தியார், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டான்.